வலப்பக்கத்து நான்கு சங்கிலிகள்

மார்ச் 10, திங்கள்

இந்த டைரியை இவர்தான், என் வீட்டுக்காரர்தான், வாங்கி வந்தார். "அன்னன்னிக்கு என்ன தப்புப் பண்ணுனன்னு எழுதி வெச்சுக்க மங்கை. நான் எழுதாம விட்டுட்டேன்" என்றார். பயிற்சியின் முதல் நாள் என்பதால் தப்பு செய்யக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை. காலை முழுக்க வண்டியைச் சுற்றி நடக்கத்தான் விட்டார்கள்.

நாற்பதடி டிரெய்லர். பக்கச்சுவர் இல்லை, கூரை இல்லை, ஒரு நீளமான இரும்புத் தளம் மட்டும். மேலே ஏற்றுவதைப் பிடித்து நிறுத்தச் சங்கிலியைத் தவிர வேறெதுவும் கிடையாது.

பயிற்சியாளர் செங்கோட்டுவேல் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். விண்ணப்பத்தில் 'எம்.எஸ்சி. இயற்பியல், பதினேழு வருட ஆசிரியப் பணி' என்பதைப் பார்த்துவிட்டு, "வாங்க டீச்சர், இங்க நாங்கதான் வாத்தியாரு, பாத்துக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஜூனில் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளை மூடினார்கள், கூடவே என்னையும். இவர் இருபத்திரண்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். சர்க்கரை வலக்கண்ணை வாங்கிக்கொண்டதும் வீட்டோடு இருந்துவிட்டார். என்னைக் கனரக வாகன உரிமம் எடுக்க வைத்தவர் இவர். பெண்களையும் டிரெய்லருக்குச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் வாங்கி வந்ததும் இவர்.

காக்கிச் சட்டையைப் பையில் வைத்து எடுத்துப்போய், வண்டிகள் நிற்கும் யார்டில் மாற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மா கேட்டதற்குக் "கம்பெனியில வேலைங்க" என்று சொன்னேன். பொய் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ரிவர்ஸ். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். காரணம் எனக்குத் தெரியும், படம் போட்டே விளக்குவேன். ஆனால் ஏழு முறை ரப்பர் கூம்பின் மேல் ஏற்றினேன்.

"டீச்சர், அந்தக் கூம்பு உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

என் ஜோடி பூங்கோதை இரண்டாவது முறையிலேயே நிறுத்திவிட்டாள். முப்பத்து மூன்று வயது. எட்டாவது வரை படித்தவள். ஆறு வருடம் குட்டி யானை மினி லாரியில் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போனவள். "அக்கா, யோசிக்காதீங்க. கண்ணாடியில டயரை மட்டும் பாருங்க" என்றாள். பார்த்தேன். நின்றது.

மதியம் அவளுடைய புளிச்சாதத்தில் பாதியை என் டப்பாவில் வைத்தாள். இவர் கட்டிக்கொடுத்த தக்காளிச் சாதத்தை அவளுக்கு வைத்தேன். "அண்ணன் நல்லாச் சமைக்கறாருங்க்கா. என்ன வேலை பாத்தாரு?"

டிரான்ஸ்போர்ட்டில் என்று சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று சங்கிலி கட்டினோம். உத்திரம் போன்ற பழைய இரும்பு கர்டர்கள் பன்னிரண்டு, அடியில் மரக்கட்டைகள், மேலே குறுக்காக எட்டுச் சங்கிலி. ஒவ்வொன்றையும் ஒரு லீவரால் இறுக்க வேண்டும். நான்கு லீவர் இடப்பக்கம், நான்கு வலப்பக்கம், மாற்றி மாற்றி.

"யார்டுல எவ்வளவு இறுக்கினாலும் பத்தாதுங்க. ரோட்டுல ஏறினா கட்டை அமுங்கும். கட்டை அமுங்கினா சங்கிலி தொய்யும். அதனால முத நிறுத்தத்துல இறங்கி, ரெண்டு பக்கமும் சுத்தி வந்து, ஒவ்வொரு சங்கிலியையும் கம்பியில தட்டோணும். கணீர்னு கேட்டாச் சரி. சொத்துன்னு கேட்டா லீவரை இன்னொரு பல்லு இறுக்கோணும்" என்றார் செங்கோட்டுவேல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வகத்தில் சோனாமீட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. கம்பியை இழுக்க இழுக்கச் சுருதி ஏறும். பதினேழு வருடம் அதைத்தான் செய்து காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு எட்டையும் தட்டிப் பார்த்து, "ஆறாவது தளர்வு" என்றேன். செங்கோட்டுவேல் போய்ப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்றார். அவர் என்னைக் கிண்டல் செய்யாத முதல் நாள்.

இந்தப் பக்கத்து யார்டுகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கேபினுக்குப் பின்னால், சரக்கு முன்னால் பாயாமல் தடுக்க ஓர் இரும்புப் பலகை நிற்கும். யார் கட்டிய கட்டு அவிழ்ந்து சரக்கு நகர்ந்தாலும், அவர் பெயரை அந்தப் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதுவார்கள். யாரும் அழிக்கக் கூடாது, மழைதான் அழிக்க வேண்டும். அதுவரை அந்த ஆள் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

"மழையே வரலைன்னா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"வேண்டிக்கோணும்."

மார்ச் 21, வெள்ளி

உள்ளங்கையில் முதல் காய்ப்பு. இவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

புதன்கிழமை முதல்முறையாகச் சரக்கோடு சாலையில் போகிறோம். முதல் நிறுத்தம், ஊருக்குச் சாலை பிரியும் ஆலாங்காட்டுப் பிரிவில் உள்ள டீக்கடை.

பிரிவுக்கு எதிரே என் பள்ளி.

வேறு இடத்தில் நிறுத்த முடியுமா என்று செங்கோட்டுவேலிடம் கேட்டேன். "ஏனுங்க டீச்சர், அங்க டீ நல்லாருக்காதா?" என்றார். எல்லா வண்டிகளும் இருபது வருடமாக அங்கேதான் நிற்கின்றனவாம். தெரியும். ஒருமுறை மழைநாளில் இவர் எனக்குக் குடை கொண்டுவந்து கொடுத்ததும் அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான்.

மார்ச் 26, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டுச் சங்கிலியும் பூங்கோதை கட்டினாள். ஓட்டியதும் அவள்தான். நடுவில் செங்கோட்டுவேல், ஓரத்தில் நான். பத்தே முக்காலுக்குப் பிரிவில் நிறுத்தினோம். பூங்கோதை கடைக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போனாள். செங்கோட்டுவேல் டீ சொல்லப் போனார். சங்கிலிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இறங்கினேன், தட்டினேன், சரிபார்ப்புத் தாளில் எட்டுக் கட்டத்திலும் டிக் செய்து கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. பின்னால் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. மேலே இருந்த ஒரு கர்டர் வலப்பக்கம் ஒரு முழம் வெளியே வந்துவிட்டது. எங்களை முந்திக்கொண்டிருந்த டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட்காரர் மண்ணில் இறங்கிச் சாய்ந்தார். முன்னால் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். அடி இல்லை. அந்தக் குழந்தை அழவில்லை, கர்டரின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் மூன்றாவது லீவர் அவிழ்ந்து தொங்கியது.

செங்கோட்டுவேல் தாளைப் பார்த்தார். "முத நிறுத்தத்துல எட்டும் சரி. டீச்சர் காதுக்குத் தப்பாது. அப்பறம் பன்னெண்டு கிலோமீட்டர்ல அவுந்துதுன்னா, கொக்கியில சங்கிலி முறுக்கிட்டு இருந்திருக்கோணும். நீதான கட்டுன?"

"ஆமாங்க சார்" என்றாள் பூங்கோதை.

யார்டுக்குத் திரும்பியதும் அவள் பெயரை எழுதினார்கள். பயிற்சியின் முடிவுத் தேர்வு ஏப்ரல் முப்பதாம் தேதி.

மார்ச் 27, வியாழன்

அந்தச் சாலையில் வண்டிகள் மிக வேகமாகப் போகின்றன. வலப்பக்கம் இறங்கி நிற்பதே ஆபத்து.

மார்ச் 29, சனி

நேற்று முன்தினம் எழுதிய வரியை நானே படித்துப் பார்த்தேன். பையன்கள் வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சொல்லும் காரணம் இதைவிட நன்றாக இருக்கும்.

நான்கைத்தான் தட்டினேன், இடப்பக்கத்து நான்கை. வலப்பக்கம் பள்ளியைப் பார்த்து இருந்தது. இடைவேளை மணி அடித்த நேரம். கேட்டருகே பிள்ளைகள் மாங்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போர்ட்டிகோவில், என்னோடு வேலை பார்த்த கிரிஜா டீச்சரின் நீலப்புடவை தெரிந்தது. காக்கிச் சட்டையும் கையில் கம்பியுமாக வண்டியைச் சுற்றி வந்தால் பார்ப்பார்கள். வண்டியின் பின்முனை வரை போனேன். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டேன். டயர் நிழலில் குனிந்து நின்று எட்டு டிக் போட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வெயில் நூற்று மூன்று டிகிரி. வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை.

பூங்கோதையை யார்டில் ஓர் ஓரமாக விட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே கர்டரைக் கட்டி அவிழ்க்கிறாள், அவிழ்த்துக் கட்டுகிறாள். மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்படிங்க்கா முறுக்கிக்கிச்சு? நான் ஒவ்வொரு வளையமா விரல்ல தடவிப் பாத்துத்தான் போட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டும். "சில நேரம் அப்படி ஆகும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "உன் ஜோடிப் பொண்ணு பேரு எழுதிட்டாங்களாமே? முத நிறுத்தத்துல தட்டுனது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தது நல்ல கண்ணால்.

ஏப்ரல் 4, வெள்ளி

மழை!

மூன்று மணிக்குத் திடீரென்று கறுத்தது. ஆலங்கட்டியோடு அரை மணி நேரம் கொட்டியது. எல்லோரும் ஷெட்டுக்குள் ஓடினோம். பலகையில் முதலில் 'பூ' கரைந்தது, அப்புறம் கடைசி எழுத்து. வெள்ளையாக ஒரு கோடு வழிந்து போயே போய்விட்டது. செங்கோட்டுவேல் கைதட்டினார். "உன்ற வேண்டுதல் பலிச்சிருச்சு புள்ள!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கைதட்டினேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தேர்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தின் மேலே ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

முடியவில்லை.

பூங்கோதை ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்கிறாள். "பேரு அழிஞ்சிருச்சுங்க்கா, கை மாறலையே. கட்டிட்டு நிமிந்தா அந்தப் புள்ள மூஞ்சிதான் தெரியுது. எங்கயோ தப்பாப் போடறேன், எங்கன்னு எனக்கே தெரியல. தெரியாத கைய நம்பி எப்படி ரோட்டுக்கு எடுத்துட்டுப் போறது? தக்காளின்னா உருண்டு விழுந்தா நசுங்கிப் போகும், அவ்வளவுதான். நாளைக்கு சார்கிட்டச் சொல்லிட்டுக் கெளம்பறேன்."

அவள் கை சரியான கை. அந்த யார்டிலேயே சரியான கை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். குடை விஷயம்.

ஒன்பது வருடம் இருக்கும். பள்ளி விடும் நேரத்தில் மழை. ஆசிரியைகள் போர்ட்டிகோவில் நின்றிருந்தோம். பிரிவில் டிரெய்லர் நின்றது. இவர் இறங்கிச் சாலையைக் கடந்து வந்தார். காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையெல்லாம் கிரீஸ். குடையில் கிரீஸ் படாமல் இருக்கக் கைப்பிடியில் ஒரு காகிதத்தைச் சுற்றிப் பிடித்திருந்தார். வாங்கிக்கொண்டேன். "யாரு டீச்சர்?" என்று கிரிஜா கேட்டார். "எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் டிரைவர்" என்றேன்.

இவர் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். ஒரு கணம்தான். அப்புறம் தலையை லேசாகத் தாழ்த்தி, "வர்றனுங்க மேடம்" என்றார்.

என் பொய்யை அவர்தான் முடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அந்தப் பிரிவில் அவர் வண்டி நின்றதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொன்னேன்.

காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது சொன்னேன். தனியாகப் போய்ச் சொன்னால் வார்த்தைகளைச் சரிசெய்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். "இருபத்தாறாம் தேதி வலப்பக்கத்து நாலு சங்கிலியையும் நான் தட்டவில்லை. தட்டியதாக டிக் போட்டேன். கட்டை அமுங்கித்தான் அவிழ்ந்திருக்கும். பூங்கோதை கட்டியதில் தப்பில்லை."

ஷெட்டில் யாரோ ஸ்பேனரைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏன் தட்டலீங்க?" என்றார் செங்கோட்டுவேல்.

"எதிரே நான் வேலை பார்த்த பள்ளி. பார்த்துவிடுவார்கள் என்று வெட்கம்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "உங்க வெக்கம் எத்தன கிலோ இருக்கும் டீச்சர்? அந்த கர்டரு ஒவ்வொண்ணும் முந்நூறு கிலோங்க." பிறகு, "நானும் உங்க காதை நம்பித் தாளைப் பாத்தேனே தவிர சங்கிலியைப் பாக்கல. அது என்ற தப்பு" என்று சொல்லி, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதுங்க. உங்களுக்குப் பழக்கந்தானே."

மங்கையர்க்கரசி. நீளமான பெயர். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வந்தது.

இறங்கியதும் பூங்கோதை எதிரில் நின்றாள். கண் சிவந்திருந்தது. "பதிமூணு நாளு. என் கையவே பாத்துட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் சோத்தத் தின்னீங்க." ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாங்க டீச்சர்" என்றாள்.

அக்கா என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். மதியத்துக்குப் பிறகு சாவியை வாங்கி, வண்டியை ரிவர்ஸில் எடுத்து, ஒரே முயற்சியில் ஷெட்டில் விட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இவரிடம் சொன்னேன். பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும். கையப் பாத்தா தெரியாதா? அன்னைக்கு லீவர் இறுக்குன கை இல்ல அது."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்றதுக்கு நேரம் ஆகும்." விதையை ஒதுக்கினார். "என்ற பேரையும் ஒருக்கா எழுதினாங்க. ஐப்பசி மாசம், மறுநாளே மழை. எனக்கு அதிர்ஷ்டம்."

குடையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பேச நான்தான் தொடங்க வேண்டும். வாய் வரை வந்தது. பாகற்காய்க்கு உப்புப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளை அதே சரக்கு, அதே சாலை, அதே நிறுத்தம். பூங்கோதை ஓட்டுகிறாள். சங்கிலி என்னுடையது. பலகையில் என் பெயரோடு வண்டி போகும்.

பள்ளி இருபத்து நான்காம் தேதிதான் மூடுகிறது. கணக்குப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாள் காய்ச்சல் வந்தால் போதும். இப்படியும் ஒரு நினைப்பு வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் காக்கிச் சட்டையை வீட்டிலேயே போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தார். "லாரி ஓட்டப் பழகறனுங்க" என்றேன். "அப்படியா! எங்க பொண்ணு கல்யாணச் சீர் ஏத்த வருவியா கண்ணு?" என்றார். இவ்வளவுதானா அது.

பத்தே முக்கால். இறங்கினேன். இடப்பக்கம் முதலில்: நான்கும் கணீர். பின்முனைக்கு வந்தேன். போன முறை திரும்பிய அதே இடம். சாலையைப் பார்த்துக்கொண்டு வலப்பக்கம் வந்தேன்.

ஒன்று, கணீர். இரண்டு, கணீர். மூன்று, சொத்து. அதே மூன்றாவது. லீவரை ஒரு பல் இறுக்கிவிட்டு மறுபடி தட்டினேன். அந்தச் சத்தத்துக்குக் கேட்டருகே நின்ற பிள்ளைகள் திரும்பினார்கள்.

"டேய், பிசிக்ஸ் மிஸ்ஸுடா!"

ஏழெட்டுப் பேர் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் எம்பிப் பார்த்தாள். போன வருடம் ஆறாம் வகுப்பில் ஓயாமல் பேசியவள். மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் அவள் பெயரைப் போர்டில் எழுதியிருக்கிறேன்.

"மிஸ், உங்க பேரை எழுதி வெச்சிருக்காங்க! நீங்களும் பேசுனீங்களா மிஸ்?"

"இல்லம்மா, பேசாம இருந்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை, சிரித்தாள். நான்காவது சங்கிலியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கிரிஜா டீச்சர் சாலையைக் கடந்து வந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன டீச்சர் கோலம்! நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாரா?"

"அவரு ஆபீஸ்ல இல்ல டீச்சர். டிரெய்லர் ஓட்டினவரு. அன்னைக்கு மழையில குடை கொண்டாந்தாரே, அது..."

"அவருதான். தெரியுமே."

"எப்படி?"

"என்ன டீச்சர், வந்ததும் வராததுமா 'மங்கை, குடைய மறந்துட்டயே'ன்னாரு. எந்த டிரைவர் அப்படிக் கூப்பிடுவாரு? மேடம்னு சொன்னதெல்லாம் அதுக்கப்பறந்தான்." என் முழங்கையைத் தொட்டார். "நாங்க அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

மணி அடித்தது. அவர் போய்விட்டார்.

மங்கை என்று அவர் கூப்பிட்டதை ஒன்பது வருடமாக என் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. நம்பியவர் யாருமில்லாத ஒரு பொய். அதைக் கேட்டுக் காயப்பட்டவர் ஒருவர் மட்டும்.

தாளில் எட்டு டிக் போட்டுக் கையெழுத்திட்டுக் கேபினில் ஏறினேன். பூங்கோதை தாளை வாங்கினாள். படித்தாள். இறங்கினாள். எட்டுச் சங்கிலியையும் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வண்டியை எடுக்கும்போது, "மூணாவது நல்லா இறுகியிருக்குதுங்க டீச்சர்" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். இவர் நாளைக்கான டிபன் கேரியரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் பிரிவுலதான் நிறுத்தறாங்க. சாப்பாட்டைக் காலையில கட்ட வேண்டாம். பத்தே முக்காலுக்கு அங்க கொண்டாந்து குடுங்க" என்றேன்.

துணி நின்றது. மாட்டேன் என்று சொன்னால் அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

"எந்தப் பக்கம் வந்து நிக்கோணும்?" என்று கேட்டார்.

"வலப்பக்கம்" என்றேன்.